பார்க்கின்சன் நோய்க்குக் காரணம் பூச்சிமருந்தா, பரம்பரையா?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பூச்சிமருந்தின் மீது ஏன் சந்தேகம் விழுந்தது என்பது சுவாரசியமான கதை.

1982, கலிபோர்னியா. நாற்பதைத் தாண்டிய ஒருவரை விறைத்துப்போய் அசைவே இல்லாத நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மனநோய் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். விரல்கள் லேசாக அசைவதைக் கவனித்துக் கையில் பென்சிலைக் கொடுத்ததும், மெல்ல மெல்ல எழுத ஆரம்பித்தார். அறிவு தெளிவாகவே இருந்தது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் விசாரித்ததில், அதே மாதிரி இன்னும் சிலர் அகப்பட்டார்கள். எல்லோரும் கள்ளத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதில் எம்.பி.டி.பி. என்ற கழிவு கலந்திருந்தது. உடம்பு விறைத்து அசைவு குறைவது பார்க்கின்சன் நோயின் அறிகுறி. அந்த நோய்க்கான மருந்தான லெவோடோபாவைக் கொடுத்ததும் உடம்பு அசைந்தது.

எம்.பி.டி.பி. மூளைக்குள் போனதும் எம்.பி.பி. பிளஸ் என்ற நஞ்சாக மாறுகிறது. உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ள, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா முடங்கி, செல்லே செத்துவிடுகிறது. இந்த நஞ்சின் அமைப்பு பாராகுவாட் களைக்கொல்லியைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தும் மைட்டோகாண்ட்ரியாவைத்தான் தாக்கும். சந்தேகம் வந்த வழி இதுதான். பிறகு வந்த ஆய்வுகளில், இவ்விரண்டையும் கையாண்டவர்களிடம் நோய் கூடுதலாகவே தென்பட்டது.

பரம்பரை? 1997இல், தலைமுறை தலைமுறையாக நோய் வந்த ஓர் இத்தாலியக் குடும்பத்தில் ஆல்ஃபா சினூக்ளின் புரத மரபணுவில் பிழை கண்டார்கள். நோயாளிகளின் மூளைச் செல்களில் கட்டிகட்டியாகச் சேர்வதும் அதே புரதம். இருந்தாலும் ஒற்றை மரபணுவால் நோய் வருபவர்கள் சிறுபான்மைதான். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கும் வந்தே தீரும் என்பது வீண் பயம்.