உண்மையான இஸ்ரவேல் யார்? யூதர்களா, சபையா?

கேள்வி: "இஸ்ரேலில் நடப்பதைப் பார்த்தால் கடைசி காலம் வந்துவிட்டது என்கிறார் எங்கள் பாஸ்டர். சபைதான் உண்மையான இஸ்ரவேல், இன்றைய நாட்டுக்கும் பைபிளுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி? யூதர்கள் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்களா?"

முதலில் எழுத்தைக் கவனியுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு பைபிளில் இஸ்ரவேல். கத்தோலிக்கர் வீட்டுத் திருவிவிலியத்தில் இஸ்ரயேல். காலைப் பேப்பரில் இஸ்ரேல். இங்கிலீஷில் மூன்றுக்கும் ஒரே சொல், தமிழில் தானாகவே நடுவில் ஒரு வேலி விழுந்திருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் "இஸ்ரவேலுக்காக ஜெபிப்போம்" என்று தொடங்குகிறவர் இரண்டாவது நிமிஷமே ஏவுகணைக் கணக்குக்குப் போய்விடுவார். எந்த இஸ்ரவேல் என்று கேட்டால் முறைப்பார்கள். நான் கேட்டு முறைப்பு வாங்கியவன்.

நான் வளர்ந்தது பிரதரன் (Brethren) சபையில். ஞாயிறு சாயங்கால வேதபாடத்தில் துணியில் வரைந்த ஒரு சார்ட்டை ஆணியில் மாட்டுவார்கள். இடது ஓரம் ஏதேன் தோட்டம், வலது ஓரம் வெள்ளைச் சிங்காசனம், நடுவில் வரிசையாக வட்டங்கள். பாடம் எடுக்கும் பிரதர் குடைக்கம்பியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார்: இது சபையின் காலம், இங்கே இரகசிய வருகை (கிறிஸ்து வந்து சபையை மேலே எடுத்துக்கொள்வது), அப்புறம் ஏழு வருஷம் உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, அர்மகெதோன், ஆயிர வருஷ அரசாட்சி. மழைக்காலத்தில் ஓதம் ஏறி அந்திக்கிறிஸ்து இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கறை படிந்திருந்தது, அதைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கும்.

அது அப்போஸ்தலர் காலத்துச் சரக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. ஜான் நெல்சன் டார்பி என்று ஒருவர், அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து வெளியே வந்து ஆரம்ப காலப் பிரதரன் தலைவர்களில் ஒருவரானவர், 1830களில் கோத்துக்கொடுத்த அமைப்பு அது. அவருடைய அடிப்படை ஒன்றுதான்: இஸ்ரவேலும் சபையும் இரண்டு தனி ஜனங்கள், தேவனுக்கு இரண்டு தனித் திட்டங்கள். யூதர்கள் மேசியாவை ஏற்காததால் தானியேல் சொன்ன 70 வாரங்களில் (ஒரு வாரம் ஏழு வருஷம் என்று கணக்கு) 69-வது முடிந்ததும் கடிகாரம் நின்றுவிட்டது, அந்த இடைவெளியில் வந்ததுதான் சபை. கடிகாரம் திரும்ப ஓட வேண்டுமானால் இடையில் வந்தவர்கள் முதலில் கிளம்ப வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இரகசிய வருகை. அதாவது இஸ்ரவேல் யார் என்பதற்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்களோ, அதிலிருந்துதான் கடைசி காலக் கால அட்டவணை பிறக்கிறது. இரண்டும் தனித்தனிச் சண்டை இல்லை.

பிறகு 1909-ல் அமெரிக்காவில் ஸ்கோஃபீல்டு என்ற போதகர் இந்தக் கருத்துகளைப் பைபிளின் ஓரக் குறிப்புகளாகவே அச்சிட்டார். வசனமும் விளக்கமும் ஒரே பக்கத்தில், ஒரே அட்டைக்குள். படிக்கிறவனுக்குக் கோடு எங்கே என்று தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

பிரதரன்களுக்குள்ளேயே எல்லாரும் இதற்குத் தலையாட்டவில்லை என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டார்பியோடு இருந்த பெஞ்சமின் நியூட்டன் இரகசிய வருகையை ஏற்கவில்லை. பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், 'விசுவாசத்தால் வாழ்ந்தவர்' என்று நம் பிரசங்கங்களில் மாதம் ஒருமுறையாவது வருகிறவர், அவரும் ஏற்கவில்லை. முல்லரின் மைத்துனர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-ல் இந்தியா வந்தார், அவரோடு சேர்ந்தவர்தான் திருநெல்வேலிப் பக்கத்து அருளப்பன். நம் ஊர்ப் பிரதரன் வேர் அங்கே போகிறது. முல்லரின் விசுவாசக் கதை எங்கள் சபைக்கு வந்து சேர்ந்தது, இந்தக் கருத்து வேறுபாடு மட்டும் எப்படியோ வழியிலேயே நின்றுவிட்டது.

கிறிஸ்துவின் வருகைக்குத் தேதிக் கணக்குப் போடுகிறவர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்ற வசனத்தையும் இஸ்ரேல் நாடு உருவான 1948-ஐயும் சேர்த்து, ஒரு சந்ததி 40 வருஷம் என்று வைத்து 1988 என்றார்கள். அது போனது. 1948-க்குப் பதில் இஸ்ரேல் கிழக்கு எருசலேமைப் பிடித்த 1967-லிருந்து எண்ணி 2007 என்றார்கள். அதுவும் போனது. சங்கீதம் 90-ல் ஆயுசு 70, பெலனிருந்தால் 80 என்று இருக்கிறதே என்று இப்போது 2028-ல் வந்து நிற்கிறார்கள். 1844 அக்டோபர் 22-ம் தேதி அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியின் ஆட்கள் காத்திருந்து ஏமாந்ததிலிருந்து இன்றுவரை தேதிதான் மாறுகிறது, கால்குலேட்டர் அதேதான்.

சரி, உங்கள் நண்பரின் பக்கம். அது பழையது. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, நாங்களே உண்மையான இஸ்ரவேல் என்று எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே ஜஸ்டின் கிறிஸ்து எருசலேமில் ஆயிரம் வருஷம் ஆளுவார் என்றும் நம்பினார், அதை ஏற்காத நல்ல கிறிஸ்தவர்களும் உண்டு என்றும் ஒப்புக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் கிடைக்காது. ஆனால் "உங்கள் இடத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம்" என்ற பேச்சு போன வழி நல்லதில்லை. 1543-ல் லூத்தர் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். இயேசுவின் மரணப் பழியை யூத இனத்தின் மேலேயே சுமத்தக் கூடாது என்று வத்திக்கான் எழுத்தில் சொல்ல 1965 ஆக வேண்டியிருந்தது.

என் பதில் ரோமர் 11-ல் இருக்கிறது. எனக்கு அது புரிந்ததே அப்பாவின் நர்சரியில்தான். ஒட்டு மாங்கன்று போடும்போது நாட்டுக் கன்றின் தலையைச் சீவிவிட்டு, நல்ல ஜாதிக் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். கீழே நாட்டு வேர், மேலே நல்ல ஜாதி, அதுதான் முறை. பவுல் சொல்வது தலைகீழ்: நல்ல ஒலிவமரத்தில் காட்டுக் கிளையை ஒட்டுவது. பவுலுக்குத் தோட்ட வேலை தெரியாது என்று ஒருநாள் அப்பாவிடம் சிரித்தேன். "தெரியாமயா, சுபாவத்திற்கு விரோதமாய்னு அவரே போட்டிருக்காரே" என்றார். போய்ப் பார்த்தால் 24-ம் வசனத்தில் இருக்கிறது. நல்ல மரம் இஸ்ரவேல், காட்டுக் கிளை யூதரல்லாத நாம். மரம் ஒன்றுதான், இரண்டு இல்லை, அதனால் டார்பியின் இரட்டைத் திட்டம் இங்கே பொருந்தவில்லை. அதே சமயம் பழைய மரத்தை வெட்டிப்போட்டுப் புதிதாக ஒன்று நடவும் இல்லை, அதனால் உங்கள் நண்பர் சொல்வதும் முழுசாக நிற்கவில்லை. விசுவாசியாமல் வெட்டப்பட்ட யூதக் கிளைகளைத் திரும்ப ஒட்ட தேவனால் முடியும் என்று பவுல் கதவைத் திறந்தே வைக்கிறார்.

இன்றைய நாட்டைப் பற்றி ஒன்று. எங்கள் அத்தை புனிதப் பயணம் போய்விட்டு ஒலிவமரக்கட்டைச் சிலுவை ஒன்று வாங்கி வந்தாள். பெத்லகேம் கடைக்காரர் அரபி பேசுகிறவர், கிறிஸ்தவர். "தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலயே நாங்க கிறிஸ்தவங்கதான்னு சொல்லுதான்ல! அப்ப நம்ம ஜெபத்துல இவன் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் நின்றவர்களில் அரபியரும் உண்டு என்று அப்போஸ்தலர் 2-ல் வாசித்தவர்கள்தான் நாம். ஒரு அரசாங்கம் செய்கிற எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்வதைத் தீர்க்கதரிசன அறிவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரட்சிப்புக்கு வருகிறேன். "இந்தப்பிரகாரம் இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்ற ரோமர் 11:26-ஐ மூன்று விதமாக வாசிக்கிறார்கள். யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த முழுச் சபை என்றார் சீர்திருத்தவாதி கால்வின். எல்லாக் காலத்திலும் விசுவாசித்த யூதர்கள் என்கிறார்கள் சிலர். கடைசியில் யூத ஜனம் திரளாகத் திரும்பும் என்கிறார்கள் பலர். நான் மூன்றாவதின் பக்கம் சாய்கிறேன், சத்தியம் பண்ண மாட்டேன். பிரசங்கத்தில் இந்த வசனத்தை 'அப்பொழுது' என்று மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இருப்பது 'இந்தப்பிரகாரம்', எப்படி என்பதைச் சொல்கிறது, எப்போது என்பதை அல்ல. யூதர்களுக்குக் கிறிஸ்து இல்லாமலே தனி வழி உண்டு என்கிறவர்களோடும் என்னால் போக முடியவில்லை, ஏனென்றால் ரோமர் 10 தொடங்குவதே இஸ்ரவேலர் இரட்சிக்கப்பட வேண்டும் என்ற பவுலின் விண்ணப்பத்தோடுதான். ஏற்கெனவே கையில் இருப்பதற்கு யார் அழுது ஜெபிப்பார்கள்?

பாஸ்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ரோமர் 9, 10, 11 மூன்றையும் ஓரக் குறிப்பு இல்லாத பைபிளில் ஒரே மூச்சில் வாசியுங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. அப்புறம் அவரிடம் ஒரே கேள்வி போதும்: பாஸ்டர், இதில் மரம் எத்தனை?