மாப்பிள்ளைத் தோழர்களுக்கு மடக்குக்கத்தி: எதை வாங்குவது?

கேள்வி: டெக்சஸில், டாலஸ் நகரத்தில் வேலை பார்க்கிறேன். மணப்பெண் அமெரிக்கர். காலையில் தாலி கட்டு, சாயங்காலம் அவர்கள் முறைப்படி இன்னொரு சடங்கு. அதில் என் பக்கம் ஐந்து நண்பர்கள் 'குரூம்ஸ்மென்' ஆக நிற்கப்போகிறார்கள். இருவர் டாலஸ்காரர்கள், மற்றவர்கள் லண்டன், டொராண்டோ, சென்னையிலிருந்து வருகிறார்கள். இங்கே பலரும் செய்வதுபோல ஆளுக்கொரு மடக்குக்கத்தி கொடுக்க நினைக்கிறேன். தலைக்கு 70 டாலர் வரை போகலாம். மரப்பெட்டியோடு ஐந்து கறுப்புக் கத்திகள், லேசாகத் தள்ளினால் ஸ்பிரிங்கில் சடாரென்று விரிபவை, ஒரு செட்டாக வருகின்றன. ஆர்டர் போடலாமா? அம்மா வேறு, "கல்யாணத்துல போய் கத்தியா கொடுப்பாங்க?" என்று முகம் சுளிக்கிறார்.

பதில்: அந்த செட்டை வாங்காதீர்கள். தரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் லண்டன் நண்பரை அது குற்றவாளி ஆக்கிவிடும். ஸ்பிரிங் உதவியால் விரியும் கத்தியை 2021 ஜூலை முதல் இங்கிலாந்தில் வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். கனடாவில், மணிக்கட்டை உதறினாலே திறந்துகொள்ளும் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். சுங்க அதிகாரி கையில் எடுத்ததும் அதைத்தான் சோதித்துப் பார்ப்பார். டெக்சஸில் மட்டும் பிரச்சினையே இல்லை. அங்கே 2017 முதல், அலகு ஐந்தரை அங்குலத்தைத் தாண்டினால்தான் சில இடங்களுக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. கத்தி வாங்குவது டாலஸில், வாழப்போவது வேறு ஊரில். கெடுபிடி அதிகமுள்ள ஊர் எதுவோ அதற்குப் பொருந்துவதாகப் பார்த்து ஐந்தையும் ஒரே மாதிரி வாங்குங்கள்.

உங்கள் பட்டியலில் அது லண்டன். அங்கே காரணம் சொல்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடியது, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள் இருக்கும், திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்தி மட்டுமே. இந்தப் 'பூட்டு' சமாசாரத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பக் 110, 1964 முதல் அமெரிக்கர்கள் உருகும் கத்தி. பித்தளை முனையும் மரக்கைப்பிடியுமாக மாப்பிள்ளை மாதிரியே இருக்கும். ஆனால் பூட்டு உண்டு, அலகு மூன்றேமுக்கால் அங்குலம். பிரான்சின் ஓபினெல் 8-ஆம் எண், கழுத்திலுள்ள வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். இரண்டுமே அருமையான கத்திகள்தான், இந்தக் கல்யாணத்துக்கு ஆகாது.

மிஞ்சுவது இரண்டு. முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த சிவப்புக் கைப்பிடி சுவிஸ் கத்தி. விக்டோரினாக்ஸில் ஸ்பார்ட்டன் என்ற வகை, மடக்கினால் 91 மில்லிமீட்டர். அலகு 3 அங்குலத்துக்குள் அடங்கும், பூட்டு கிடையாது. தக்கை திருகி, டின் திறப்பான், பாட்டில் திறப்பான் எல்லாம் உண்டு. சிவப்பு பிளாஸ்டிக் கல்யாணப் பரிசுக்கு எடுப்பாக இல்லை என்று தோன்றினால் வால்நட் மரக்கைப்பிடி போட்டதும் கிடைக்கிறது. நான் அதைத்தான் வாங்குவேன்.

இரண்டாவது, பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டிலிருந்து வரும் 'கேஸ்' (Case) என்ற நிறுவனத்தின் கத்தி. அப்பாவின் பையிலிருந்து மகனுக்குப் போகும் பொருளாக அமெரிக்கர்கள் இதைப் பார்ப்பார்கள். பெண் வீட்டார் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதிலும் 'டிராப்பர்' என்ற வகை வேண்டாம், அலகு 3 அங்குலத்தைத் தாண்டும். 'பீனட்' என்ற குட்டிக்கத்தி போதும். ஒரு விஷயம் கவனியுங்கள்: கேஸ் கைப்பிடிகளில் பிரபலமானது எலும்பு. மாட்டின் கால் எலும்பு. அம்மா ஏற்கெனவே முகம் சுளித்திருக்கிறார், நண்பர்களிலும் சைவம் யாராவது இருக்கலாம். மரம் அல்லது செயற்கைக் கைப்பிடி என்று கேட்டே வாங்குங்கள். செயற்கை என்றால் விலையும் குறைவு.

இரும்பு விஷயத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் என்றே தேர்ந்தெடுங்கள். கேஸில் 'சிவி' (CV) என்று குறித்திருந்தால் அது வேறு இரும்பு. தீட்டினால் சுலபமாகக் கூர் ஏறும், ஆனால் துடைத்து எண்ணெய் போட வேண்டும். அப்படி எனக்கு வந்த ஒரு பரிசுக்கத்தியில் எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டு ஈரத்தோடு மடித்து வைத்தேன். மறுநாள் திறந்தால் அலகு முழுக்கக் கறுத்து, நகம் வைத்து இழுக்கும் குழியில் செம்பழுப்பாகத் துரு.

பெட்டி வந்ததும் ஐந்தையும் திறந்து பாருங்கள். அலகைப் பாதி விரித்து விட்டால் முதுகு ஸ்பிரிங் அதை இழுத்துக்கொண்டு 'டக்' என்று நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கோடாக ஒளி தெரியக்கூடாது. பெயர் பொறிக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள், பொறித்ததைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.

'குரூம்ஸ்மேன்' என்று பொறிக்க வேண்டாம். கல்யாணம் முடிந்த மறுநாள் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. பெயர் போதும். தமிழில் என்றால், டைப் செய்து அனுப்பாமல் படமாக அனுப்புங்கள். கடையின் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி காணாமல் போகும்; 'கோபால்' என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது விமானம். அமெரிக்க விமான நிலையங்களில் எவ்வளவு சின்னக் கத்தியும் கைப்பையில் ஏறாது. 2013-இல் சிறு கத்திகளை விடலாம் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் சில மாதத்திலேயே கைவிட்டார்கள். செக்-இன் பெட்டியில் தாராளமாகப் போகும். ஆனால் லண்டன்காரர் கைப்பையோடு மட்டும் வந்திருந்தால்? டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஆச்சரியம் கெட்டுப்போகும்தான், பாதுகாப்புச் சோதனைத் தொட்டியில் போய் விழுவதற்கு அது தேவலை. கொடுப்பதும் முந்தைய நாள் இராச்சாப்பாட்டின்போது இருக்கட்டும். கல்யாண நாளில் மண்டபத்தில் ஐந்து பேர் பையிலும் கத்தி வேண்டாம்.

கடைசியாக அம்மா. கத்தி கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்ற பேச்சு நம்மிடம் மட்டும் இல்லை, வெள்ளைக்காரர்களிடமும் உண்டு. அதற்கு அவர்களே ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள்: கத்தியோடு ஒரு காசையும் வைத்துக் கொடுப்பார்கள், வாங்கியவர் அந்தக் காசை உடனே திருப்பித் தந்துவிடுவார். கத்தி இனாமாக வரவில்லை, விலைக்கு வாங்கியதாகக் கணக்கு. மொய்யில் நூற்றோடு ஒன்று சேர்க்கும் அம்மாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். சென்ட் வேண்டாம், ஒரு ரூபாய் நாணயமாகவே வைக்கலாம். சென்னை நண்பர் வரும்போது ஐந்து எடுத்துவரச் சொல்லுங்கள்.