எண்ணெய்ச் சுரப்பியை வளர்ப்பது எது? சென்னை வாசகர்களின் தோல் கேள்விகள்

பெரம்பூர் வாசகி: பதினான்கு வயது மகனுக்குத் திடீரென்று முகமெல்லாம் எண்ணெய் வழிகிறது. ஏன்?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, இது பருவத்தின் வேலை. தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியின் செல்களுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்றொரு புரதம் உண்டு. இந்த வயதில் பெருகும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் அதில் ஒட்டியதும் சுரப்பி வளரத் தொடங்குகிறது. அந்த ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கு ஹார்மோன் இருந்தும் எண்ணெய் அரிதாகவே சுரக்கும். பிறகு பிபார்காமா என்ற புரதம் செல்லைக் கொழுப்புச் சேர்க்கவைக்கிறது. கொழுப்பு நிறைந்த செல் உடைந்து சாகிறது. வழியும் எண்ணெய் அதுதான். செத்தவற்றின் இடத்துக்குப் புதுச் செல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பெருக்கத்தை முடுக்குவது மிக் என்ற புரதம், அடக்கிவைப்பது பிளிம்ப்1.

வேளச்சேரி வாசகர்: எந்தச் சோப்பு போடலாம்?

பதில்: மிதமான எதுவானாலும் சரி, நாளுக்கு இருமுறை போதும். சோப்பு சுரப்பிவரை இறங்காது.

தரமணி ஆய்வு மாணவர்: பிளிம்ப்1 முதிர்ந்த செல்களில்தானே இருக்கிறது? அது எப்படிப் பெருக்கத்தை அடக்கும்?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. 2006இல் எலிகளில் நடந்த ஆய்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. பிளிம்ப்1 உள்ள செல்களே பிரிந்து பிரிந்து சுரப்பியை உண்டாக்கும் மூதாதைகள் என்பது ஒன்று. பிளிம்ப்1ஐ நீக்கினால் சுரப்பி பெரிதாகும் என்பது மற்றொன்று. 2014இல் வந்த ஆய்வில் முதலாவது நிற்கவில்லை. அச்செல்கள் பிரிவதே இல்லை. முதிர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் இருப்பவை. ஆனால் பிளிம்ப்1 இல்லாத எலிகளுக்குச் சுரப்பி பெருத்ததை அந்த ஆய்வும் கண்டது. ஆகவே 'அடக்கிவைப்பது' என்று நான் எழுதியதை, முதிர்ச்சியை ஒழுங்காக நடத்திச் சமநிலை காப்பது என்று திருத்திக்கொள்கிறேன்.

மயிலாப்பூர் வாசகி: மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பால் முகம் வெளுத்தது. இப்போது பரு கொப்பளிக்கிறது.

பதில்: அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு; தோலை மெலியவைத்து, பருவையும் வரவழைக்கும். இன்றே தோல் மருத்துவரிடம் போங்கள். முகத்துக்கு எதையும் கடைக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள்!

தாம்பரம் வாசகர்: கடற்கரை பஜ்ஜியை நிறுத்தினால் எண்ணெய் குறையுமா?

பதில்: பஜ்ஜியின் எண்ணெய் முகத்துக்கு வராது. சர்க்கரையைக் குறையுங்கள், இன்சுலின் ஏறினால் சுரப்பிக்குத் தூண்டுதல் கூடும்.

அண்ணா நகர் வாசகர்: எந்த ஃபேஸ்வாஷ் நல்லது?

பதில்: வேளச்சேரிக்காரருக்குச் சொன்னதேதான். இதே கேள்வி இன்னும் ஐந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதுவே பதில்.

திருவான்மியூர் வாசகி: பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சுரப்பியைச் சுருக்குமாமே?

பதில்: சுருக்கும், சுரப்பிச் செல்களைச் சாகவைத்தே அதைச் செய்கிறது. ஆனால் கர்ப்பத்தில் சிசுவுக்குக் கடும் ஊனம் உண்டாக்கும். தோழியின் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். கருவுறும் வாய்ப்பு உண்டென்றால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.