தாய்ப்பன்றிக்கும் குட்டிகளுக்கும் தாது உப்பு: கேள்வி பதில்

தருமபுரி நண்பர்: பத்துப் பதினைந்து நாள் வரை கொழுகொழுவென்று இருந்த குட்டிகள் வெளுத்துப்போய், மூச்சு வாங்கிச் சாகின்றன. தாய்க்கு இரும்பு டானிக் கொடுத்தும் பயனில்லை.

டானிக் தாயோடு நின்றுவிடும், பாலுக்கு வராது. குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் இருப்பது சுமார் 50 மில்லிகிராம் இரும்பு. ஒரு நாளைக்கு 7 மில்லிகிராமாவது வேண்டும். பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம்தான். ஒரு வாரம் கழிந்தால் கையிருப்பு தீரத் தொடங்கிவிடும். அதிலும் நன்றாகப் பால் குடித்து வேகமாக வளர்கிற குட்டிதான் முதலில் விழும், அதற்குத்தானே அதிக ரத்தம் ஊற வேண்டும்!

பிறந்த மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி, காதுக்குப் பின்னால் கழுத்துச் சதையில். தொடையில் வேண்டாம், நரம்பில் பட்டால் குட்டி நொண்டும், கறியிலும் கறை நிற்கும். ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் இருக்கும் மருந்தும் உண்டு, 100 இருப்பதும் உண்டு. பாட்டிலைப் படித்துவிட்டு அளவெடுங்கள்.

கிருஷ்ணகிரி பெரியவர்: ஊசி எதற்கு? முப்பது வருடமாகச் செம்மண்தான் கொட்டுகிறேன். ஒரு குட்டி போனதில்லை.

ஐயா, உங்கள் பன்றிகள் வெளியே மேய்ந்து மண்ணைக் கிளறுபவை. அந்த மண்ணிலேயே அவற்றுக்கு இரும்பு கிடைக்கிறது. சிமென்ட் தரையில் அடைத்து வளர்ப்பவரின் நிலை வேறு.

சேலம் சகோதரி: சினைப்பன்றிக்குத் தோல் தடித்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது. சொறி மருந்து மூன்று முறை அடித்தோம்.

அது சுவரில் உரசிக்கொண்டே இருக்கிறதா? சொறியில் அரிப்பு தாங்காது. அரிப்பு குறைவாக இருந்து, இரு பக்கமும் ஒரே மாதிரி பொருக்கு வந்தால் துத்தநாகக் குறையாக இருக்கலாம். சுண்ணாம்புக்கல் பொடியைக் கையால் அள்ளிப் போடுகிறீர்களா? கால்சியம் மிஞ்சினால் துத்தநாகம் உடம்பில் சேராது. தயவுசெய்து தராசில் எடை போட்டுக் கலக்குங்கள்.

பெயர் சொல்லாதவர்: இரும்பு ஊசி எந்த நாள்?

மூன்றாம் நாள். முதல் பதிலைப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி பெரியவர்: சிமென்ட் தரையிலும் தினம் ஒரு கூடை மண் போட்டால் போதாதா?

ஓரளவு உதவும், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குட்டி எவ்வளவு தின்றது என்று யாருக்குத் தெரியும்? சோனிக் குட்டி ஓரமாகவே கிடக்கும். அப்புறம், பன்றி நடமாடிய இடத்து மண் என்றால் உருண்டைப்புழு முட்டையையும் நாமே அள்ளி வருகிறோம். மண் போடுவதென்றால் பன்றி கால் வைக்காத இடத்தில், ஆழத்திலிருந்து வெட்டி எடுங்கள்.

நாமக்கல் நண்பர்: குட்டிகளைப் பிரித்த வாரத்தில் தாய் பின்னங்காலை இழுக்கிறது.

மருத்துவரை உடனே அழையுங்கள், எலும்பு முறிந்திருக்கலாம். பத்துக் குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய், தீவனத்தில் கால்சியம் போதாதபோது தன் எலும்பைக் கரைத்துத்தான் கொடுக்கிறது. தவிட்டில் கால்சியம் மிகக் குறைவு. பாஸ்பரஸ் நிறைய இருந்தாலும் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடப்பதால் பன்றிக்குச் செரிக்காது. நான் 100 கிலோ தீவனத்துக்கு ஒன்றரைக் கிலோ டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்புக்கல் பொடி சேர்க்கிறேன், தராசில் வைத்து. சினையிலிருந்தே கொடுத்து வாருங்கள். ஈன்ற பிறகு தொடங்கினால் தாமதம்.

ஒருவர்: ஓட்டல் கழிவு கொடுக்கிறேன், தனியாக உப்பு வேண்டுமா?

வேண்டாம், அதிலேயே இருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது தண்ணீர். தண்ணீர் நின்றால் உப்பு மூளையைத் தாக்கும், வலிப்பு வரும். அப்படி நின்றுபோனால் தொட்டியை ஒரேயடியாக நிரப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள்.

இன்னொருவர்: முடியில்லாமல், கழுத்து வீங்கி, செத்த குட்டிகள்?

அயோடின் குறை. தாய்க்கு அயோடின் உப்பு கொடுங்கள்.

மற்றொருவர்: எந்த கம்பெனி தாது உப்பு நல்லது?

கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். பன்றிக்கென்று போட்ட கலவையாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டுக் கலவையை அள்ளிப் போடாதீர்கள்.

மீண்டும்: ஊசி எத்தனையாவது நாள்?

மூன்று.

கிருஷ்ணகிரி பெரியவர்: பக்கத்துப் பண்ணையில் ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஒரு ஈற்றே செத்ததே!

இதை நீங்கள் கேட்டது நல்லது. அளவு மிஞ்சினால் அப்படி நடக்கும். அல்லது தாய்க்கு வைட்டமின் ஈ, செலினியம் குறைவாக இருந்தால் குட்டி சரியான அளவு இரும்பையே தாங்காது. அதற்காக ஊசியை நிறுத்த வேண்டாம், சினைக்காலத் தீவனத்தைச் சரி செய்யுங்கள். செலினியத்தைத் தனியாக வாங்கிப் போடவே கூடாது. ஒரு டன் தீவனத்துக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை, அதிகமானால் குளம்பு வெடிக்கும். கலவையில் சேர்ந்தே வரட்டும். அந்தப் பண்ணைக்காரரிடம் பாட்டிலில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள் ஐயா.