ஓபன் பேப்பரில் கார் வாங்கலாமா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருபது வருடமாகப் பழைய வாகனம் வாங்கி விற்கிறேன். கார் வாங்கும்போது வருகிற வரி, பத்திரச் சிக்கல் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை: அண்ணா, 2014 வேகன்ஆர் ஒன்று பார்த்தேன். விற்கிறவரின் பெயர் சீஆரில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில் இல்லை. பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்த படிவம் இருக்கிறது, நேரே உங்கள் பெயருக்கே மாற்றலாம் என்கிறார். நம்பலாமா?

இதுதான் தம்பி ஓபன் பேப்பர். நடுவில் இருப்பவர் மாற்றக் கட்டணத்தையும் அலைச்சலையும் மிச்சம் பிடிக்கிறார். ஆபத்து உங்கள் தலையில். கைமாறி 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு விற்பவருக்கு எம்டிஏ 6 படிவம், வாங்குபவருக்கு எம்டிஏ 8 படிவம். அந்தக் கையெழுத்து வைத்தவர் நாளைக்குக் கனடா போய்விட்டால்? கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திணைக்களம் திருப்பி அனுப்பினால்? ஆள் இறந்துவிட்டால் அந்தப் பேப்பரால் பிரயோசனமே இல்லை, வாரிசுப் பத்திரம் என்று வேறு கதை தொடங்கும். நானே ஒரு வானை இப்படி வாங்கி, வெளிநாட்டிலிருந்து புதுக் கையெழுத்து வந்து சேரும்வரை நாலு மாதம் விற்க முடியாமல் வைத்திருந்தேன். சீஆரில் பெயர் உள்ளவரையே அடையாள அட்டையோடு நாரஹேன்பிட்டவில் உள்ள திணைக்களத்துக்கு வரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள், மீதியை அங்கே கொடுக்கலாம். வர மாட்டேன் என்றால் வேறு கார் பாருங்கள், வேகன்ஆருக்கா பஞ்சம்!

தெஹிவளை: போன வருடம் விற்ற காருக்கு இப்போது பொலிஸ் என்னைத் தேடுகிறது. நான் என்ன செய்ய?

வாங்கியவர் மாற்றவில்லை, நீங்களும் அறிவிக்கவில்லை. பதிவில் இன்னும் நீங்கள்தான் சொந்தக்காரர். விற்ற திகதி, நேரம், வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, இருவர் கையெழுத்து எல்லாம் உள்ள தாள் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் சட்டத்தரணியைப் பாருங்கள். இனி விற்பவர்கள் எம்டிஏ 6ஐத் தாங்களே ஒப்படைத்துப் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

மட்டக்குளி: லீசிங் முடிந்துவிட்டது என்று சொல்கிறார், ஆனால் சீஆரில் கம்பனிப் பெயர் நிற்கிறது.

அந்தப் பெயர் நிற்கும்வரை வாகனத்தின் முழு உரிமையாளர் கம்பனிதான். கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை நீக்கிய பிறகு காசு கொடுங்கள். அப்படியே சேசிஸ், எஞ்சின் இலக்கங்களையும் சீஆரோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி: ஜப்பானிலிருந்து கார் எடுப்பிக்க நினைக்கிறேன். சுங்க வரி 20 வீதம்தானே?

அது தொடக்கம் மட்டும் தங்கச்சி. ஐந்து வருடத் தடைக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்தபோது வந்த கணக்கு இது: கப்பல் கூலி, காப்புறுதி சேர்த்து 40 இலட்சம் பெறுமதி என்றால் சுங்க வரி 8 இலட்சம். அந்த வரியில் பாதி மேலதிக வரி, இன்னும் 4 இலட்சம். அதன்மேல் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி. பெரும்பாலும் கையைக் கடிப்பது அதுதான். வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதம் வெறும் விலைக்கு அல்ல, இந்த வரிகளையும் கூட்டிய தொகைக்கு. வரிக்கு மேல் வரி என்று சும்மாவா சொல்கிறார்கள்! பெறுமதி 50 இலட்சத்தைத் தாண்டிய பெற்றோல் காருக்கு ஆடம்பர வரியும் உண்டு. வீதங்கள் அடிக்கடி மாறும். காசு கட்டுகிற கிழமையில் சுங்க முகவரிடம் கணக்கைத் திரும்பக் கேளுங்கள்.

கிராண்ட்பாஸ்: பழைய காரைத் தனியாரிடம் வாங்கினால் வற் உண்டா?

வீட்டுக்காரர் தன் சொந்தக் காரை விற்றால் இல்லை. பெயர் மாற்றக் கட்டணம் மட்டும். வரி இலக்கம், அதுதான் டின், இரண்டு பேரும் எடுத்து வையுங்கள். 2025இலிருந்து காருக்கு அது இல்லாமல் வேலை நடக்காது. வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் தேவை. காப்புறுதியை உங்கள் பெயருக்கு மாற்றாமல் வீதியில் இறக்காதீர்கள். இடித்துவிட்டால் பழையவரின் காப்புறுதியை நம்பி நிற்க முடியாது.

வத்தளை: நம்பர் பிளேட்டில் டபிள்யூபி இல்லை. கள்ள வாகனமா?

இல்லை ஐயா. டபிள்யூபி என்பது மேல் மாகாணத்தின் எழுத்து. 2023இலிருந்து மாகாண எழுத்து இல்லாமல்தான் கொடுக்கிறார்கள்.