கேளுங்கள், சொல்கிறேன்: எண்ணெய் வயலில் ஓர் ஓணான்

கேள்வி: என் மருமகன் டெக்சஸ் எண்ணெய் வயலில் வேலை செய்கிறார். ஏதோ ஒரு சின்ன ஓணானுக்காக அங்கே பெரிய கெடுபிடியாம். நாலைந்தைப் பிடித்து, நம் மண்டாய் மாதிரி ஒரு விலங்குத் தோட்டத்தில் விட்டால் ஆகாதா சார்?
- மல்லிகா, ஈசூன்

பதில்: விடலாம், மணற்குன்றையும் சேர்த்துத் தூக்கிவர முடிந்தால்!

உங்கள் மருமகன் சொல்வது 'டூன்ஸ் சேஜ்பிரஷ் லிசார்ட்' என்ற மணற்குன்று ஓணான். மேற்கு டெக்சஸையும் அதை ஒட்டிய நியூ மெக்சிகோவையும் விட்டால் அந்த ஓணானுக்கு உலகில் வேறு ஊர் கிடையாது. அங்கேயும் ஷின்னரி ஓக் வளர்ந்த மணற்குன்றில்தான் குடித்தனம். ஓக் என்றதும் பெரிய மரத்தை நினைக்காதீர்கள், பெரும்பாலும் இடுப்பளவுப் புதர்தான். ஆனால் அதன் வேர் மணலுக்கடியில் பரந்து ஓடிக் குன்றையே பிடித்து வைத்திருக்கிறது. காற்று குடைந்த பள்ளங்களில் ஓணான் மணலுக்குள் புதைந்துகொள்ளும். துளிரைத் தின்ற மாடுகளுக்கு நஞ்சேறுகிறது என்று பண்ணைக்காரர்கள் மருந்தடித்து அந்த ஓக்கை அழித்தார்கள். அப்புறம் எண்ணெய்க் கிணறுகளும் அவற்றுக்கான சாலைகளும் வந்து குன்றுகளைத் துண்டு போட்டன.

அதோடு விடவில்லை. பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும்போது, விரிசல் மூடிக்கொள்ளாமலிருக்கத் தண்ணீரோடு மணலையும் உள்ளே செலுத்துவார்கள். முன்பு வடக்கே தொலைவிலுள்ள விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து மணல் வந்தது. 2017 வாக்கில், பக்கத்துக் குன்றையே வெட்டினால் செலவு மிச்சம் என்று கண்டுகொண்டார்கள். 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கட்டுமானத் துறை பட்ட பாடு நினைவிருக்கிறதா? மணலுக்கு மனிதன் எவ்வளவு அலைவான் என்று சிங்கப்பூரர்களுக்குச் சொல்லவா வேண்டும்!

இந்த ஓணானை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்க அமெரிக்க அரசு 2010இலேயே முன்மொழிந்தது. கம்பெனிகளும் நில உரிமையாளர்களும் தாமாகவே பாதுகாப்பதாக ஒப்பந்தம் போட்டதும், 2012இல் அரசு அந்த முன்மொழிவைக் கைவிட்டது. கடைசியில் 2024 மே மாதம்தான் பட்டியலில் ஏறியது. அந்தப் பன்னிரண்டு வருடம் வீண் என்பது என் கணக்கு.

சரி, மருமகன் வேலை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். இன்றைய கிணறுகள் நிலத்தடியில் பக்கவாட்டில் மூன்று கிலோமீட்டர்கூடப் போகின்றன. கிணற்று வாயைக் குன்றுக்கு வெளியே வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் எண்ணெயைப் பல இடங்களில் எடுக்கலாம். மணல் வெட்டுவதற்குத்தான் அப்படிக் குறுக்கு வழி இல்லை. அவர் கம்பெனி எங்கிருந்து மணல் வாங்குகிறது என்று கேட்டு எழுதுங்களேன்.