தோற்ற வாரத்து ஆட்டம்

ஐயா,

கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் நம் சென்னை சிட்டி கால்பந்து அணி 3-2 என்று தோற்றதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. அங்கே ஜெயித்திருந்தால் ஐ-லீக் கோப்பை அன்றைக்கே நம் கைக்கு வந்திருக்கும். இப்போது சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. 2019 மார்ச் 9 சனிக்கிழமை கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபோடு கடைசி ஆட்டம். நம் பையன்கள் தாங்குவார்களா? பயிற்சியாளர் அக்பர் நவாஸ் இந்த ஒரு ஆட்டத்துக்காவது பின்னால் இறங்கி, பந்தைத் தூக்கி அடித்து ஆடச் சொல்லலாமே? பேரில் சென்னை இருக்கிற அணிக்கு நீ ஏன் அழுகிறாய் என்று நண்பர்கள் வேறு கேட்கிறார்கள். நேரில் வந்து தோற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வீட்டிலேயே டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

கோவா ஆட்டம் முடிந்த ராத்திரியிலிருந்து நானும் இதையேதான் மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

பேர் விஷயத்தை விட்டுவிடுங்கள். போன சீசனிலிருந்து அந்த அணி சொந்த மைதானம் என்று இறங்குவது நம் கோவை வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில். உங்கள் நண்பர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கணக்கும் சிக்கலில்லை. சனிக்கிழமை வென்றால் 43. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை எத்தனை கோல் அடித்து வென்றாலும் 42தான். மினர்வா போன வருடத்துச் சாம்பியன், இந்த வருடம் பட்டியலில் கீழே இருக்கிறார்கள். அசட்டையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. பின்னால் இறங்கி, தூக்கி அடித்து ஆடச் சொல்லலாமே என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த இடம். எந்த அணி தோற்றாலும் அடுத்த நாளே டீக்கடையில் தொடங்குகிற பேச்சு இது. இத்தனை நாள் இவர்கள் எப்படி ஆடினார்கள்? கோல்கீப்பரிடமிருந்தே சின்னச் சின்ன பாஸ்களாகப் பந்தை மேலே கொண்டுவந்து ஆடினார்கள். சாந்த்ரோ நடுவில் பந்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பார், நெஸ்தர் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டுவார், எதிரணி கோலுக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குள் பெத்ரோ மான்சி நிற்பார். சீசனின் முதல் ஆட்டத்தில், இதே கோவையில், இந்தியன் ஆரோஸுக்கு எதிராக மான்சி ஹாட்ரிக் அடித்தது இப்படித்தான் ஆடி. போன வருடம் பத்து அணியில் எட்டாவதாகக் கிடந்த அணி இது. இந்த வருடம் 19 ஆட்டத்தில் 12 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. அப்படி ஆடுகிறவர்கள் பின்னால் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும், அந்த இடத்தில் எதிராளி சில நாள் புகுந்துவிடுவான். வில்லிஸ் பிளாசா இருக்கிற சர்ச்சில் மாதிரி அணி மூன்று கோல் அடிக்கத்தான் செய்யும். அதற்காகப் பன்னிரண்டு வெற்றியைக் கொண்டுவந்த ஆட்டத்தைக் கடைசி வாரத்தில் மூட்டை கட்டி வைப்பதா?

என் சின்ன மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார், மில் அணிக்கு கோல்கீப்பர். அன்றைக்குப் பந்து என்றால் தோல் பந்து. திண்ணையில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்து, உள்ளே இருக்கிற பிளாடருக்கு சைக்கிள் பம்பில் காற்றடித்து, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, மறுபடி லேஸைக் கோத்துத் தருவார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். பந்தைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார்.

அவருக்கு ஒரு பழக்கம். பந்து கைக்கு வந்தால் உயரத் தூக்கி அடிக்க மாட்டார். தரையோடு கையால் உருட்டி, இடது பேக்குக்கு, அதாவது இடது பக்கம் தடுத்து ஆடுகிறவனுக்கு, விடுவார். அந்தக் காலத்து மில் கிரவுண்டில் யாரும் அப்படி ஆடியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி உருட்டியதை எதிரணிக்காரன் குறுக்கே வந்து பறித்து கோலுக்குள் தள்ளிவிட்டான். அந்த ஒரு கோலில் தோற்றார்கள். அந்த வாரம் முழுக்க மாமாவுக்கு நிம்மதியில்லை. காலையில் சங்கு ஊதி மில்லுக்குள் நுழைவதிலிருந்து ஷிப்டு முடிகிறவரைக்கும் ஏச்சு. அணியைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி கூப்பிட்டு, இனிமேல் உருட்டினால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். மாமா வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், என்னை இடது பேக் இடத்தில் நிற்க வைத்து, இருட்டுகிறவரை உருட்டிக்கொண்டே இருந்தார். "நீ முன்னாடி வந்து வாங்கோணும் கண்ணு, நின்ன இடத்துல நிக்கக் கூடாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிசகு உருட்டியதில் இல்லை, வாங்க வேண்டியவன் நின்றுகொண்டிருந்ததில் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அந்த இடது பேக்கிடமும் பேசிவிட்டார்.

அடுத்த ஆட்டத்தில் முதல் தடவை பந்து அவர் கைக்கு வந்ததும் கிரவுண்டே "அடி, அடி" என்று கத்தியது. மாமா ஒரு பார்வை பார்த்தார், உருட்டினார். இடது பேக் நாலு எட்டு முன்னால் வந்து வாங்கிக்கொண்டு போனான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அதற்கப்புறமும் அவரை அணியிலிருந்து எடுக்கவில்லை.

தோல்விக்குப் பிறகு ஒரு வாரம் கிடைத்தால் அந்த வாரத்தில் செய்யவேண்டிய வேலை இதுதான் தம்பி. எந்த இடத்தில் பிசகியது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் தைக்க வேண்டும். கோவாவில் பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையில் இருந்த இடைவெளியை நவாஸ் இந்த வாரம் சரிசெய்யட்டும். எட்வின் வான்ஸ்பால் மாதிரி ஓடி ஓடி அடைக்கிற ஆட்கள் அதற்கு இருக்கிறார்கள். மற்றதைத் தொடக் கூடாது. சனிக்கிழமை முதல் பத்து நிமிடத்தில் அவர் அணி பந்தை கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்தால், பயந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வரும். தூக்கி அடிக்க ஆரம்பித்தால்தான் கவலை.

தெம்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெம்பு வேண்டியது மைதானத்தில் இறங்குகிறவர்களுக்கு. நீங்கள் கேலரியில் உட்காரப் போகிறீர்கள். தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தபோது வந்தீர்கள் அல்லவா, ஒரு ஆட்டம் தோற்றதும் டிவி போதும் என்றால் அந்தப் பையன்களுக்கு எப்படி இருக்கும்? உருகுவேயில் பிறந்த மான்சி நமக்காக ஓடுகிறார், கோபியிலிருந்து காந்திபுரத்துக்கு பஸ் ஏற உங்களுக்கு மனசில்லையா? வருத்தமாக இருக்கிறது தம்பி. இவ்வளவு பிரியம் இருக்கிறவர்தான் இப்படி எழுத முடியும் என்றும் தெரிகிறது, அதனால்தான் திட்டுகிறேன்.

ஜெயிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டை முடித்ததும் கிளம்பிவிடுங்கள், அந்த நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மினர்வா முதலில் கோல் போட்டுவிட்டாலும் எழுந்து பஸ்ஸைப் பிடிக்கப் போகாதீர்கள்.